இரவு ஒன்பதரை மணி விமர்சகர்கள்

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை. ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த மாரிமுத்துவுக்கு நெஞ்சு வலித்தது. மருத்துவமனைக்குப் போன கொஞ்ச நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. டி.வி செய்தியில் அது ஓடத் தொடங்கியபோது நான் தென்காசி மாவட்டத்தில், ஆலங்குளம் பக்கத்தில் என் பெரியம்மா வீட்டில் இருந்தேன். தாழ்வாரத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் மடியில் இருந்த தட்டை இறக்கி வைத்துவிட்டு டி.வி முன்னால் வந்து நின்றார்கள். யாரும் மாரிமுத்து என்று சொல்லவில்லை. “ஏளா, குணசேகரன் செத்துட்டானாம்” என்றுதான் செய்தி தெருவுக்குள் போனது. பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “எத்தன நாளு அவன வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன்... நீ நல்லாவே இருக்கமாட்டலேன்னு சொல்லியிருப்பனே” என்று அரற்றினார்.

இந்த அழுகையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நாடகத்துக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாத பெண்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். மெகா சீரியல் ரசிகர்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் வந்ததில் பெரும்பகுதி இந்தச் சிரிப்புதான். அழுகாச்சி, மாமியார் மருமகள் சண்டை, சீரியல் நேரத்தில் சோறு கேட்ட புருஷன் என்று ஜோக் எழுதியே கால் நூற்றாண்டைக் கடத்திவிட்டோம். அந்த ரசிகை எதைப் பார்க்கிறார், எதற்குக் கோபப்படுகிறார், கதையை எந்த இடத்தில் நம்ப மறுக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் குறைவு.

நான் கேட்டேன். பெரியம்மாவிடமும், அந்தத் தாழ்வாரத்துப் பெண்களிடமும், சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும், ஓய்வுபெற்ற ஒரு கணக்கு டீச்சரிடமும் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் தினந்தோறும் நடக்கிற ஆகப்பெரிய விமர்சன அரங்கம் சீரியல் ஓடும் டி.வி-க்கு முன்னால்தான் கூடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அங்கே பேசப்படுவதை நாம் எழுதி வைக்கவே இல்லை.

வில்லனுக்கு ஒப்பாரி

‘எதிர்நீச்சல்’ 2022 பிப்ரவரியில் சன் டி.வி-யில் தொடங்கியது. இயக்கியவர் திருச்செல்வம். ‘கோலங்கள்’ எடுத்தவர், அதில் தொல்காப்பியனாக நடித்தவரும் அவரே. ஆதிமுத்து குணசேகரன் தன் வீட்டுக்குப் படித்த பெண்களாகத் தேடி மருமகள்களாகக் கொண்டுவருவார். வந்த பிறகு அந்தப் படிப்பு அடுப்படியைத் தாண்டக் கூடாது. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, கடைசியாக ஜனனி என்று அந்த வீட்டுக்கு வந்த நால்வரும் இந்த ஒரே சுவரில்தான் மோதிக்கொண்டார்கள்.

குணசேகரனின் “ஏம்மா... ஏய்!” மாநிலம் முழுக்க மீம் ஆனது. 2008-ல் ‘கண்ணும் கண்ணும்’ படத்தை இயக்கியவர், ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நாயகியின் தந்தையாக நடித்தவர் மாரிமுத்து. சினிமாவில் அத்தனை வருடம் உழைத்தும் வராத புகழ் இந்தத் தொடரில்தான் அவரைத் தேடி வந்தது. ஆனால், அந்த “ஏம்மா ஏய்”க்கு ஒரே வீட்டில் இரண்டு விதமான சிரிப்பு எழுந்ததைக் கவனித்திருக்கிறேன். ஆண்பிள்ளைகள் அதை ஒரு ஸ்டைலாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள், பேசிக்காட்டினார்கள். பெண்களின் சிரிப்பில் ஆளை அடையாளம் கண்டுகொண்ட நிம்மதி இருந்தது. “எங்க சின்ன மாமனாரு அச்சு அசல் இப்படித்தான். தண்ணி கேக்கதே மெரட்டுத மாரிதான் இருக்கும்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அண்ணன், மச்சினன், முதலாளி, ஊர்ப் பெரியவர் என்று பட்டியல் நீண்டது. அதுவரை வெளியே சொல்ல வாய் வராத ஒன்றுக்கு அந்தத் தொடர் ஒரு பெயரைக் கொடுத்திருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒருவரைப் பற்றிப் புகார் சொல்ல நீட்டி முழக்க வேண்டியிருக்கவில்லை. “அவரு குணசேகரன்லா” என்றால் போதும்.

அப்படி வெறுத்தவருக்காக ஏன் அழுதார்கள்? வட மாவட்டங்களின் திரௌபதி அம்மன் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. பாரதக் கூத்து முடிகிற நாளில், படுகளத்தில் களிமண்ணால் செய்த துரியோதனன் மலைபோலக் கிடப்பான். அத்தனை ராத்திரியும் அவன்மேல் கருவிக்கொண்டிருந்த ஊர், அவன் விழுந்ததும் ஒப்பாரி கேட்டுக் கண்கலங்கும். கெட்டவனுக்காக அழுவதும் அவனுடைய கெடுதலை மன்னிப்பதும் வெவ்வேறு என்பது நம் ஊர்ப் பார்வையாளருக்கு எப்போதோ தெரியும். பெரியம்மா மாரிமுத்துவுக்காக அழுதார். அன்று ராத்திரி ஒன்பதரைக்கு டி.வி-யைப் போட்டு, குணசேகரன் வந்ததும் மறுபடி ஏசினார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அதன்பின் சில வாரம் குணசேகரன் இல்லாமலே கதை நகர்ந்தது. அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். ‘குற்றப் பரம்பரை’ நாவலை எழுதியவர், ‘மதயானைக் கூட்டம்’, ‘கிடாரி’ படங்களில் மிரட்டியவர். நடிப்பில் குறை சொல்ல முடியாத மனிதர். ஆனாலும் பலருக்கு ஒட்டவில்லை. ஏன் என்று என்னால் விளக்க முடியவில்லை. பெரியம்மாதான் விளக்கினார்: “இவரும் நல்லாத்தான் நடிக்காரு. ஆனா இவரப் பாத்தா பயம் மட்டுந்தான் வருது. அவரப் பாத்தா பயமும் வரும், சிரிப்பும் வரும். வீட்டு ஆம்பளைன்னா ரெண்டும்லா வரணும்.”

குணசேகரன் என்ற பாத்திரம் ஏன் வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எங்கும் படிக்கவில்லை. வீட்டுக்குள் அதிகாரம் செய்பவன் சினிமா வில்லன் மாதிரி எந்நேரமும் கண்ணை உருட்டிக்கொண்டிருக்க மாட்டான். பாசமாகப் பேசுவான், கேலி செய்வான், சிரிக்க வைப்பான். அதனால்தான் அவனை எதிர்ப்பது கஷ்டம். மாரிமுத்து இதை நடிப்பில் கொண்டுவந்தார். பெரியம்மா அதைப் பார்வையில் பிடித்தார்.

காதால் பார்க்கிறவர்கள்

பீடி சுற்றுகிறவரின் கண் எப்போதும் கையில் இருக்க வேண்டும். இலையை அளவாக வெட்ட வேண்டும், தூளைக் கூட்டிக் குறைக்காமல் வைக்க வேண்டும், சுருட்டி முனையை மடக்கி நூல் கட்ட வேண்டும். கடையில் கட்டுகளைக் கொடுக்கும்போது சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள், அன்றைய கூலி போய்விடும். எனவே அந்தத் தாழ்வாரத்தில் யாரும் சீரியலை முழுக்கப் பார்ப்பதில்லை. கேட்கிறார்கள். முக்கியமான கட்டம் என்று காது சொன்னால் மட்டும் தலை நிமிர்கிறது.

சமையல்கட்டில் நின்றபடி, துணி மடித்தபடி, தையல் மெஷினை மிதித்தபடி சீரியல் பார்க்கிற எல்லார் வீட்டிலும் இதுதான் நிலவரம். இதைப் புரிந்துகொண்டால் சீரியலைப் பற்றி நாம் கேலி செய்கிற பல விஷயங்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். ஏன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பின்னணி இசை? தலையைத் தூக்காமலே யார் வந்திருக்கிறார் என்று தெரிய வேண்டும். ஏன் பேசுகிறவர் எதிராளியின் பெயரை அடிக்கடி சொல்கிறார்? யாரிடம் பேசுகிறார் என்பது அடுப்படிவரை கேட்க வேண்டும். ஏன் நடந்ததையே திரும்பச் சொல்கிறார்கள்? குக்கர் விசில் அடித்தபோது தவறவிட்டவருக்காக. வேலையை நிறுத்த முடியாத பெண்களுக்காக, அவர்கள் வேலையின் வேகத்துக்கு ஏற்ப அமைந்த கதைசொல்லல் அது. இருட்டு அரங்கில் சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்காக எடுக்கப்பட்ட சினிமாவின் அளவுகோலை இதன்மேல் வைத்தால் அளவு தப்பத்தான் செய்யும்.

அதற்காக எல்லாத் தொடரையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. பாயசத்தில் விஷம், மாடிப்படியில் எண்ணெய், வாரக்கணக்கில் முடியாத கல்யாணம், ஒரே அறையை மூன்று கோணத்தில் காட்டும் அதிர்ச்சி எல்லாம் சோம்பேறித்தனமான வேலைதான். அதைப் பார்க்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், நம்மைவிடக் கடுமையாக. ‘பாரதி கண்ணம்மா’வில் மனைவி கண்ணம்மாவைச் சந்தேகப்படும் டாக்டர் பாரதி, ஒரு பரிசோதனையில் தீர்ந்துவிடக்கூடிய சந்தேகத்தை வருடக்கணக்கில் சுமந்து திரிந்தபோது, “டி.என்.ஏ டெஸ்ட் எடுத்துத் தொலைங்கடா” என்று கத்தியது விமர்சகர்கள் யாருமில்லை. தினமும் பார்த்தவர்கள்தான். கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தபோது அவரை உலகம் முழுக்க நடக்கவிட்டு மீம் போட்டவர்களும் அவர்களே. ‘சிறகடிக்க ஆசை’யில் ரோகிணியின் பொய்கள் எப்போது வெளியே வரும் என்று நாள் எண்ணியவர்களிடம், கதையை எங்கே முடித்திருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். தேதி முதற்கொண்டு சொல்வார்கள்.

திரைக்குப் பின்னால் நடப்பதும் இவர்களுக்குத் தெரியும். ஒரு பாத்திரம் திடீரென்று வெளியூர் போய்விட்டால், நடிகருக்கு வேறு படப்பிடிப்பு என்று அந்தக் கணக்கு டீச்சர் உடனே சொல்லிவிடுவார். பழைய காட்சிகளை நினைவாக ஓட்டினால், புதிதாக எடுத்த எபிசோட் கையில் இல்லை என்பார். திருவிழா, கடத்தல், கல்யாணம் ஒன்றாக வந்தால், வியாழக்கிழமை வரும் ரேட்டிங்கில் அடி வாங்கியிருக்கிறார்கள் என்பார். “இவருக்குப் பதில் இவர்” என்று ஒரு வரி போட்டு முகத்தையே மாற்றிவிடுவதையும் ஏற்றுக்கொள்வார். நாடகத்துக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரால் இதெல்லாம் முடியாது. இவர் ஆடுகிறவர், இது அவர் கட்டிய வேஷம் என்று பிரித்துப் பார்த்துவிட்டு, அதன்பின் வேஷத்தின்மேல் முழுக் கோபத்தையும் காட்டுகிற பக்குவம் அது. ‘தெய்வமகள்’ காயத்ரியை ஒவ்வொரு இரவும் சபித்தவர்கள்தான் அவருக்கு ‘அண்ணியார்’ என்ற பட்டத்தைக் கொடுத்துக் கொண்டாடினார்கள்.

சரோவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது

இந்தக் கட்டுரையை எழுதியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவைத்தது ‘மெட்டி ஒலி’.

திருமுருகன் இயக்கிய அந்தத் தொடர் 2002-ல் தொடங்கி 2005 வரை ஓடியது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் என்ற தகப்பனின் கதை. டெல்லி குமார் அந்தத் தகப்பனாக நடித்தார். இரண்டாவது மகள் சரோ. அவள் கணவன் மாணிக்கமாக வந்தவர் சேத்தன். ‘விடாது கருப்பு’ பார்த்தவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவர், பின்னாளில் ‘விடுதலை’யில் ஈரமே இல்லாத போலீஸ் அதிகாரியாக மிரட்டியவர். அம்மா பேச்சைக் கேட்டு மனைவியை வதைக்கும் மாணிக்கத்தை அன்றைக்குத் திட்டாத வீடு இல்லை.

அந்தச் சமயத்தில் பெரியம்மா வீட்டில் டி.வி கிடையாது. பக்கத்து வீட்டில் போய்த் தரையில் உட்கார்ந்து பார்ப்பார். நானும் விடுமுறைக்குப் போனால் உடன் போவேன். சரோ அடி வாங்கிக்கொண்டு அழுகிற காட்சிகளில் பெரியம்மாவும் அழுவார். பிறகு, “கொஞ்சம் பொறுத்துப் போனா எல்லாம் சரியாயிரும். தகப்பன் பாவம்லா, இன்னும் குமருக இருக்கு” என்பார். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்பார்கள். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரரும் தலையாட்டுவார்.

2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் பெரியம்மாவுக்குச் சொந்தமாக டி.வி வந்தது. அதே வருட அக்டோபரில்தான் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. அந்தச் சட்டம் அந்தத் தெருவுக்கு வந்து சேர இன்னும் ரொம்ப நாள் பிடித்தது. இதற்கிடையே பெரியம்மாவின் மூத்த மகளுக்குக் கல்யாணமாகி, ஒரு குழந்தை பிறந்து, அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தாள். ஊர் என்னவெல்லாமோ பேசியது. பெரியம்மா இரண்டு மடங்கு பீடி சுற்றினார். மகள் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

2020-ல் ஊரடங்கு. படப்பிடிப்புகள் நின்றுபோக, சன் டி.வி ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டது. நான் அந்தச் சமயம் பெரியம்மாவிடம் தினமும் போனில் பேசுவேன். சரோவின் கதை ஓடியபோது ஒருநாள் கோபமாக ஆரம்பித்தார்: “இவ எதுக்குட்டி இன்னும் அங்கன நிக்கா? அன்னைக்கே பொட்டியத் தூக்கிட்டு வந்திருக்கணும். அப்பன் வீட்டுக்குக்கூட போவாண்டாம். தனியா ஒரு வீட்டப் பாத்து இருந்துக்கிட வேண்டியதான?”

“பெரியம்மா, அப்ப பொறுத்துப் போவணும்னு சொன்னீய.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: “அப்ப எனக்கு என்ன தெரியும். சரோவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

காட்சி அதே காட்சிதான். ஒரு வசனம்கூட மாறவில்லை. பதினெட்டு வருடத்தில் மாறியது பார்த்தவரின் தீர்ப்பு. அந்த மாற்றத்துக்கு வாழ்க்கை முழுக் காரணமா, அடுத்த வீட்டுத் தரையிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறிய இடம் ஒரு காரணமா என்று யோசித்திருக்கிறேன். மற்றவர் வீட்டில், ஆண்களும் கேட்டுக்கொண்டிருக்கிற கூடத்தில் சொல்லப்படும் கருத்து ஊருக்குச் சொல்லும் கருத்து. தன் வீட்டில், தன் கையில் ரிமோட் இருக்கும்போது வருவது தன் கருத்து. இரண்டும் சேர்ந்தே அவரை மாற்றியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் நிச்சயம். இந்த இருபது வருடத்தில் தமிழ்நாட்டின் சாதாரணக் குடும்பத்துப் பெண்களின் மனம் எந்தத் திசையில் நகர்ந்தது என்று அறிய எந்தக் கணக்கெடுப்பைவிடவும் ‘மெட்டி ஒலி’யை இருமுறை பார்த்தவர்களிடம் பேசுவது பயன் தரும்.

‘எதிர்நீச்சல்’ அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்துப் பங்கு விஷயமும் இப்படித்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் திருத்தப்பட்டது. ஆனால், அந்தத் தாழ்வாரத்தில் பெண்கள் தங்கள் அப்பா வீட்டுச் சொத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசியதை நான் முதலில் கேட்டது, பாம்பே ஞானம் நடித்த அந்தக் கிழவி, பங்கைக் குணசேகரனிடம் விட்டுக்கொடுக்க மறுத்து உட்கார்ந்திருந்த வாரங்களில்தான். “எங்கண்ணன்கிட்ட கேக்கணும்னு நெனச்சா நாக்கு எழும்ப மாட்டுக்கு” என்றார் ஒருவர். அவர் கேட்டாரா, இல்லையா என்பது வேறு கதை. நினைப்பு வந்தது, நாலு பேர் முன்னால் சொல்லவும் செய்தார்.

மூன்று மணி நேரமும் ஆறு வருடமும்

சினிமா ரசிகரின் கோபதாபங்களுக்கு நம் ஊரில் எப்போதும் மரியாதை உண்டு. 1962-ல் வந்த ‘பாசம்’ படத்தில் எம்.ஜி.ஆர் இறந்துபோவதை ரசிகர்கள் ஏற்கவில்லை என்பதைத் தமிழ் சினிமா வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறோம். நம்பியார் சாமியைத் திரையில் பார்த்துப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றியதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். எம்.ஜி.ஆரின் திரை பிம்பத்தையும் அரசியலையும் பற்றி எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992-ல் புத்தகம் எழுதினார். மதுரை ரசிகர்களோடு பழகி சாரா டிக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் அடுத்த வருடமே இன்னொன்று எழுதினார். ரசிகர் மன்றம் என்பது அரசியல் பாடமாகிவிட்டது.

‘துலாபாரம்’ 1969-ல் வந்தபோது அரங்கம் அரங்கமாக அழுதார்கள் என்று பெரியம்மாவின் தலைமுறை இன்றும் சொல்கிறது. ஆனால், அந்த அழுகை அரங்கத்தோடு முடிந்தது. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சீரியல் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. ‘கோலங்கள்’ 2003-லிருந்து 2009 வரை, 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, நாயகி அபியும் வில்லன் ஆதியும் மோதி முடிப்பதற்குள் ஏழாம் வகுப்புக்கு வந்திருக்கும். ஆறு வருடம் தினமும் பார்த்த முகம் சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்கு உண்டு? கதையில் ஒரு சாவு வந்தால் அந்த வீட்டில் சோறு இறங்காததில் என்ன அதிசயம்?

அடுத்த தலைமுறை வேறு பக்கம் போயிருக்கிறது. பெரியம்மாவின் பேத்தி கொரியத் தொடர் ரசிகை. ‘புதுயுகம்’ சேனலில் ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ தமிழ் பேசி வந்த காலத்திலிருந்தே அந்த வீட்டில் ஒரு அக்கா கூட்டம் அதன்மேல் பைத்தியமாக இருந்தது. இவள் இப்போது போனில் பார்க்கிறாள். பெரும்பாலும் பதினாறு எபிசோடில் கதையை முடித்துவிடுகிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய பெருமை. ஒருமுறை பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள். பணக்கார வீட்டு அம்மா, ஏழைப் பெண்ணைக் கூப்பிட்டு, மேசையில் பண உறையை நகர்த்தி, என் மகனை விட்டுப் போய்விடு என்கிற காட்சி. பெரியம்மா பாஷை புரியாமலே சொன்னார்: “கொரியாவுலயும் இவ இருக்காளா!” பிறகு பேத்தியிடம், “அந்தப் புள்ள வாங்காதுன்னு தெரியும். வாங்கிட்டு, மகனையும் கூட்டிட்டுப் போனா என்னவாம்?” என்றார். பேத்தி சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்தது. அந்தக் காட்சி எத்தனையோ கொரியத் தொடர்களில் வந்துவிட்டது. எழுதுகிறவர்கள் பெரியம்மாவைக் கேட்டிருக்கலாம்.

நாற்பத்திரண்டு கடிதங்கள்

1980-களின் தொடக்கத்தில் ‘டல்லஸ்’ என்ற அமெரிக்கத் தொடர் உலகம் முழுக்க ஓடியது. எண்ணெய்ப் பணக்காரக் குடும்பம், சொத்துச் சண்டை, துரோகம். நெதர்லாந்தின் படித்தவர்கள் அதைப் பார்ப்பவர்களைக் கேலி செய்தார்கள். ஈயன் ஆங் என்ற இளம் ஆய்வாளர் ஒரு பெண்கள் பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்தார். எனக்கு டல்லஸ் பிடிக்கும், பார்ப்பவர்கள் எனக்கு எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். வந்தவை 42 கடிதங்கள். அவற்றை வைத்து அவர் எழுதிய புத்தகம் இன்றும் உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் படிக்கப்படுகிறது. டெல்லியில் பூர்ணிமா மங்கேகர், தூர்தர்ஷன் தொடர்கள் பார்த்த பெண்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்தார். ‘மகாபாரத’த்தில் திரௌபதி துகிலுரியப்பட்டபோது அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள், அதில் அவர்களுடைய கோபம் எது என்று கேட்டு எழுதினார். 1999-ல் புத்தகமாக வந்தது.

அதே 1999 டிசம்பரில்தான் ராதிகாவின் ‘சித்தி’ தொடங்கியது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டின் சாயங்காலங்களே மாறிப்போயின. ‘சித்தி’ பார்த்தவர்களில் மூத்தவர்கள் பலர் இன்று இல்லை. அதன் நாயகி சாரதாவைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள், எங்கே உடன்பட்டார்கள், எங்கே சண்டை போட்டார்கள் என்பது அவர்களோடு போய்விட்டது. சினிமாவுக்கு மதிப்பெண் போட்டு விமர்சனம் எழுதிய மரபு நம் வார இதழ்களுக்கு உண்டு. ஆனால், சீரியலுக்கு நடிகையின் புகைப்படமும் நாலு வரி கிசுகிசுவும் போதும் என்று முடிவெடுத்துவிட்டோம். இது நாங்கள், பத்திரிகைக்காரர்கள், சரிசெய்ய வேண்டிய குறை.

பத்திரிகை ஆசிரியர்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். வாரம் ஒரு பக்கம் சீரியல் விமர்சனத்துக்கு ஒதுக்குங்கள். தொடரைப் பார்க்கிறவர்களே அதை எழுதட்டும். எழுத வராதவர் சொல்ல, வீட்டில் இன்னொருவர் எழுதட்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் ஊடகத் துறைகளும் தங்கள் மாணவர்களை ஒரு பருவமாவது இந்தத் தாழ்வாரங்களுக்கு அனுப்பட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று ராத்திரி உங்கள் அம்மாவோ அத்தையோ பாட்டியோ டி.வி-யைப் பார்த்து ஏதாவது சொல்லும்போது சத்தத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். எந்தத் தொடர், எந்தக் காட்சி, அவர் என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஏன் அப்படிச் சொன்னார் என்று விளம்பர இடைவேளையில் கேளுங்கள். அவர் பேசிய ஊர் வழக்கை மாற்ற வேண்டாம், வசவையும் விட்டுவிட வேண்டாம். தேதியை மறக்காமல் போடுங்கள்.